படம் வராத கோப்பு

அவள் முகத்தின் விலை நாலாயிரத்து எழுநூறு.

அவர் மூவாயிரம் என்றார்.

ஜெபராஜ் சிரிக்கவில்லை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவன். வியாபாரியிடம் சிரித்தால் நூறு குறையும் என்று தெரிந்தவன். திரையை அவர் பக்கம் திருப்பினான்.

கறுப்பு.

கேமரா புதுசு, எடிட்டிங் சாஃப்ட்வேர் பழசு. அது பதிகிற விதம் இதற்குப் புரியாது. சத்தம் மட்டும் வரும், படம் வராது. புது வெர்ஷன் வாங்கினால் வரும். அந்த விலைதான் இது. மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

நாளை மறுநாள் மனைவியின் பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் அவளைத் தனியாக ஒரு படம் எடுத்ததில்லை. ஆதார் அட்டையில் இருப்பது அவள்தான் என்று அந்த அட்டையே சொன்னால்தான் நம்ப முடியும்.

மகன் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வேண்டாம், வீடியோவிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம் என்று முடித்தவர் அவர்தான். பதினெட்டாயிரம் மிச்சம். உறவுக்காரர்கள் போனில் எல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும். பரிமாற ஆள் வைத்தால் கூலி. அவள் பந்தியில் நின்றாள்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அவளுக்கு மாரடைப்பு.

பருப்பு மண்டிக்காரர். மூட்டையைக் குத்தி நாலு பருப்பை உள்ளங்கையில் பார்க்காமல் எந்தச் சரக்குக்கும் அவர் பணம் எண்ணியதில்லை.

இதில் அவள் இருக்கிறாளா என்று முதலில் தெரிய வேண்டும் என்றார்.

குரலை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தான்.

கல்யாண வீடியோவின் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. மேலே பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அவர் கேட்டார்.

அறுபத்திரண்டு கோப்புகள். மேளம். மேளம். யாரோ ரசம் கேட்டார்கள். மேளம்.

பதினேழாவதில் அவள்.

கேமராவுக்குப் பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

ஏன் இப்படி வேர்க்கிறது என்று அவள் தங்கச்சி மாரீஸ்வரி கேட்கிறாள்.

"நெஞ்சைப் பிடிச்சு இழுக்குடி. அவுக காதுல போட்ராத. ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு ஆகும்னு இங்கனயே கணக்குப் போட ஆரம்பிச்சிருவாக. பந்தி முடியட்டும்."

பிறகு சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பத்தொன்பது விநாடி.

ஹெட்போனைக் கழற்றினார். துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மகன் வருவான், எல்லாவற்றையும் பென்டிரைவில் வாங்கிப் போக. அம்மா குரல் எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான்.

பதினேழை அழிக்கச் சொன்னார்.

படம் வந்ததும் பார்த்துவிட்டு அழிக்கலாமே என்றான் ஜெபராஜ். கேமராக்காரர் மெமரி கார்டைக் காலி செய்துகொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார், இருப்பது இது ஒன்றுதான், போனால் போனதுதான் அண்ணாச்சி என்றும் சொன்னான்.

"நாலாயிரத்து எழுநூறும் தாரேன். அழி."

கேட்ட விலையை அண்ணாச்சி அப்படியே கொடுத்து ஜெபராஜ் பார்த்ததில்லை. அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் இருக்கக் கூடாது என்றார். அதுவும் ஆயிற்று. நின்று பார்த்தார்.

புது வெர்ஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. டீ வந்தது. குடித்தார்.

படம் வந்தது.

பளிச்சென்று வந்தது. யாரோ ஒரு கிழவரின் காது முடியை எண்ணலாம் போலிருந்தது.

அவர் ஒரு தாள் கேட்டு வாங்கினார். அவள் வருகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டார். முன்னே சாய்ந்து, இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொன்னார். திரும்பவும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். ஜெபராஜ் ஓட்டினான், அவர் பக்கம் பார்க்காமல்.

அறுபத்தொன்றும் முடிந்தது.

தாளைக் கூட்டினார்.

மேடையில் முதுகு, நான்கு.

சாம்பார் வாளியோடு கை, இரண்டு.

கொண்டைப் பூ, ஒன்று.

ஆக, ஏழு.