பரணிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டர்

பத்மாவதி எட்டித்தான் பார்த்தாள்.

எட்டிப் பார்க்காமல் போயிருந்தால்தான், உடம்புக்கு என்னவோ என்று அந்தத் தெருவே விசாரித்திருக்கும்.

பக்கத்து வீட்டு உலகநாதன் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். மஸ்கட்டிலிருந்து மகள். அவள் மடியில், இன்னும் நேரில் பார்க்காத பேத்தி.

"அப்படியே எங்கம்மை மூக்குல்லா" என்றார்.

பத்மாவதி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மகள் போனை மல்லாக்க வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் துணி மாற்றப் போயிருந்தாள்.

"சிரிக்கா பாரு" என்றார் மின்விசிறியைப் பார்த்து.

பத்மாவதிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

அடுக்களையில் அவர் மனைவி கோமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தங்க வளையல் கிடந்த கையில் இப்போது கண்ணாடி வளையல். தங்கத்தை விற்றுத்தான் புருஷனுக்குக் கண் ஆபரேஷன் பார்த்தாள். "பளிச்சுன்னு தெரியுது" என்று கட்டுப் பிரித்த அன்று சொன்னவர், யார் கேட்டாலும் இன்றுவரை அதையேதான் சொல்கிறார்.

பத்மாவதி சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

கையில் சிக்கியது லேசுப்பட்ட சேதி இல்லை. குழாயடியில் அவிழ்த்துவிட்டால் ஒரு வாரம் தாங்கும்.

அவிழ்க்கவில்லை.

சோறு இறங்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டது. ஓமத்தண்ணீருக்கும் கேட்கவில்லை.

பேச முடியாத நேரத்தில் கவனித்தாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. கடைப் பலகையை உலகநாதன் அண்ணாச்சி தூரத்திலிருந்தே படித்துவிடுகிறார். மாத்திரை அட்டையை மட்டும் கோமதியிடம் நீட்டி, "கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல" என்கிறார். கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது.

பெரிசு தெரிகிறது. சிறிசு தெரியவில்லை.

"அவுக வீட்டு டிவி பழைய டப்பா, அக்கா. அதுல போன் படம் வராது" என்றான் போன் கடை செல்வின், அவள் போய்க் கேட்டதற்கு. "பழைய கம்ப்யூட்டர் சாமான் கெடச்சாக் கொண்டாங்க, கோத்துத் தாரேன். இதுக்குப் போயி புதுசு எதுக்கு?"

தெருவில் எந்தப் பரணில் எது கிடக்கிறது என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும்.

அவளுக்கு மறக்கவில்லை.

ஸ்டுடியோவை மூடிவிட்டவர் வீட்டில், போர்வை போர்த்திய பெரிய மானிட்டர். ஜெராக்ஸ் கடை மூலையில் கீபோர்டும் மவுஸும். மாடி டீச்சர் வீட்டில், மணிபிளாண்ட் தொட்டிக்கு மணையாக ஒரு சிபியு.

"கரண்டு பில்லு, கேஸ் புக்கிங்கு எல்லாம் கோமதி வீட்டுலயே முடிஞ்சிரும்லா" என்று ஊருக்கு ஒரு காரணம் வைத்திருந்தாள்.

"தெருவுல பாக்கது பத்தாதுன்னு இனி கம்ப்யூட்டர்லயும் பாக்கப் போறியளாக்கும், மைனி" என்றாள் டீச்சர், தொட்டியை நகர்த்தியபடி.

"மொதல்ல ஒங்க வீடு தெரியுதான்னு பாக்கேன்."

டீச்சர் முனகிக்கொண்டே வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்தாள். கொடுக்காத வீட்டைப் பற்றிக் குழாயடியில் என்ன பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடையில் வாங்கியது கேமரா மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை செல்வின் கோத்து முடித்தான்.

கோமதி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். மானிட்டருக்கு ஒரு பொட்டு. சிபியுவுக்கு ஒரு பொட்டு. கேமராவை மட்டும் விடுவானேன் என்று அதன் நட்ட நடுவில், அழுத்தமாக ஒன்று.

"யம்மா, ஏன் எல்லாஞ் செக்கச்செவேல்னு இருக்கு?" என்றது மஸ்கட்.

செல்வின் சட்டை நுனியால் துடைத்தான்.

பிறகு, திரை நிறையப் பிள்ளை.

உலகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கையைத் தூக்கினார்.

தொடவில்லை.

"காதுல மச்சம் இருக்கு" என்றார்.



கோமதி திரும்பினாள். "அதத்தான அன்னைக்குப் போன்ல காட்டுனேன்? ஆமா, அழகா இருக்குன்னிய."

அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவினார்.

கோமதி அவர் கண்களையே பார்த்தாள்.

"அந்தப் போன்ல மச்சம் எங்க தெரியுது கோமதி?"

பத்மாவதிதான்.

"நானுந்தான் ஒவ்வொரு தடவையும் ஆமா ஆமான்னேன். எனக்கு ஒரு மண்ணுந் தெரியல."

வாசலில் நின்ற டீச்சர் வாயைப் பிளந்தாள். எதிர்ச்சாரியில் போகிறவர் கையில் இருக்கும் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படிக்கிறவள் அல்லவா இவள்.

"ஒங்களுக்கா?" என்றாள் கோமதி.

"வயசாவுதுலா. சொன்னா வெக்கக்கேடுன்னு இருந்தேன்."

நாளைக்குக் குழாயடியில் என்ன ஓடும் என்பது அவளுக்கு இப்போதே கேட்டது. பத்மாவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம்லா.

ஓடட்டும்.

கோமதி சிரித்துவிட்டாள். "நல்ல ஆளுதான் போங்க. ஒங்களாலதான் பிள்ள மொகத்த இவ்ளோ பெருசாப் பாக்கோம். நல்லா இருப்பிய அக்கா."

உலகநாதன் எழுந்தார்.

அந்த வீட்டுக்குள் பத்மாவதி வராத நாள் கிடையாது. யாரும் உட்காரச் சொன்னது கிடையாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று பயம்.

தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரும்மா. கிட்டக்க இருந்து பாரு."

உட்கார்ந்தாள்.

மச்சம், காதோரத்துப் பூனைமுடி, மஸ்கட் கட்டிலில் மடிக்காமல் கிடந்த துணி வரைக்கும் எல்லாம் தெரிந்தது.

தெரியாதவள்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கண் நிறைந்து, நிஜமாகவே தெரியவில்லை.