குவைத்துக்காரர் வீட்டு மீன்

"அக்கா, இது அந்த மீன் இல்லேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?"

சாதிகா கேட்டபோது, பக்கத்து வீட்டு ஜெயக்கொடி கண்ணாடித் தொட்டியில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்திருந்தாள். கடலில் இருக்க வேண்டிய மீன், சிம்மக்கல் சந்துக்குள் ஒரு பவளப்பாறைத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. கருநீல உடம்பு. அதில் வெள்ளை வெள்ளையாய் வளையம்.

"நீயா வாயைத் திறக்காத வரைக்கும் தெரியாதுடி. அச்சுல வார்த்த மாதிரில இருக்கு! ஆளுதான் கொஞ்சம் சின்னது. அதையெல்லாம் எந்த ஆம்பளை கண்டான்?"

பழைய மீனை சாதிகாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் புருஷன் பீர் முகமது குவைத்துக்கு விமானம் ஏறினான். கடிதத்தில் முதல் வரி மீன் சுகமா என்பது. பெண்டாட்டி சுகமா என்பது அதற்கப்புறம்தான். அவளும் சளைக்கவில்லை. மண்டபம் கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டு லாரியில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வரவழைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

போன மாதம் மீன் உடம்பில் மஞ்சள் தட்டியது. முதலில் கண்டுபிடித்தது ஜெயக்கொடி. அந்தத் தெருவில் எதைத்தான் அவள் முதலில் கண்டுபிடிக்கவில்லை? "காமாலைடி இது!" என்று கீழாநெல்லியை அரைத்து, சாறு பிழிந்து தொட்டியில் ஊற்றியதும் அவளேதான். மறுநாள் மீன் மல்லாந்து மிதந்தது. லாரிக்காரரிடம் சொல்லி அதே மாதிரி இன்னொன்று வாங்க யோசனை சொன்னது மட்டும் வேறு யாராக இருக்கும்?

"உள்ளதைச் சொல்லிரவாக்கா? மனசு உறுத்துது."

"சொல்லு. ஆசையா வார மனுசன் வந்த டாக்சியிலயே திரும்பிப் போகட்டும். கம்முனு இருடி."

டாக்சி வந்தது. பீர் முகமது பெட்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே தொட்டிக்கு வந்தான். பார்த்தான். முகம் தொங்கிப்போனது. சாதிகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்ன தம்பி, விட்டுட்டுப் போனது போனபடியே இருக்குல்ல?" ஜெயக்கொடி முந்திக்கொண்டாள்.

"அதான்க்கா எனக்கும் வெளங்கல. மூணு வருசத்துல வளரவே இல்லையே!" அவன் தொட்டியோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான். "குஞ்சுலதான்க்கா இந்த நீலம். பெரிசானா உடம்பு பூரா மஞ்சக் கோடு விழுகும், தங்கத்தை இழைச்ச மாதிரி இருக்கும்னு மீன்காரர் சொல்லித்தான் குடுத்தாரு. இவ தானாப் பாத்து அசந்து போகட்டும்னுதான் ஒரு கடுதாசில கூட எழுதாம இருந்தேன்…"