வங்கிச் சுவர் வாசகர்கள்

சாத்தூரின் பழைய வங்கிக் கட்டடத்து வரலாற்றை ஆறு மாதம் தேடி எழுதி, அதன் பக்கச் சுவரில் பலகையாக மாட்டியிருந்தார் காலண்டர் கடை அப்துல் ஹலீம். பிள்ளைகளுக்கும் எட்டட்டும் என்று தாழ்வாகவே மாட்டியிருந்தார்.

எதிரே அவர் கடையிலிருந்து பார்த்தால், காம்பவுண்டுக்கு மேலே தலைகள் மட்டும் தெரியும்.

"பாத்தியா மாடத்தி! கம்பெனி வேன்ல வர்றவுக நேரா அங்கனதான் போறாக. குனிஞ்ச தலை நிமிராம படிச்சிட்டு, மொகத்துல அம்புட்டு நிம்மதியோட திரும்புறாக!"

தெருக் கூட்டும் மாடத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"முன்செவர்லயும் ஒரு பலகை மாட்டப்போறேன்."

"வேணாம் பாய், கொமட்டுது! அங்கன ஒதுங்குறவுக நனைச்ச பலகையத் தெனமும் நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறேன். முன்செவராச்சும் காஞ்சு கெடக்கட்டும்."