வாசல் நோட்டு

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு காலனியில் நடக்கும் முதல் கூத்து. வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்த எழில்மதி, மாஸ்க், பேர், போன் நம்பர் மூன்றும் இல்லாமல் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

"பேருங்கண்ணா?"

தலையில் துண்டும் முகத்தில் மாஸ்க்குமாய் நின்றவர் குரலைத் தாழ்த்தினார். "கூத்து பாக்கறதுக்குப் பேரு எதுக்கும்மா?"

"நாளைக்கு யாருக்கனா காய்ச்சல் வந்தா மத்தவங்களுக்குச் சொல்லணும். ரூல்ஸுங்கண்ணா."

"பழனின்னு எழுதிக்கோ." வாய்க்குப் பழகின நம்பரையும் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க. நெறைய பேரு பொய் நம்பர் குடுக்கறாங்க, அடிச்சுப் பாத்துட்டுத்தான் வுடறோம்."

அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. அவள் போனிலோ, ஏற்கெனவே பதிந்திருந்த பெயர் வந்து நின்றது: 'கரும்புக்கொல்லை சிவசங்கர் ஐயா'.

நாளைக் காலையில் அவள் வெட்டப்போகும் கரும்பு அவருடையது. காலனிக் கூத்தில் ஊர்த்தெரு ஆள் எவனும் போய் உட்காரக் கூடாதென்று, கொரோனாவுக்கு முந்தின வருஷம் பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டவரும் அவர்தான்.

அவள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே மத்தளம் முழங்கியது. அவர் கண் அங்கேயே போனது. "யாருக்கும் தெரிய வேணாம்மா. பழனின்னே இருக்கட்டும்."

எழில்மதி 'பழனி'யை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"உங்க பேர நீங்களே எழுதுங்க. இல்லன்னா இப்படியே திரும்பிடுங்க."

அவர் எழுதினார்.

"எங்க உக்காரணும்?"

"எங்க வேணா உக்காருங்கண்ணா. எல்லா நாற்காலியும் ஆறடி தள்ளித்தான் கெடக்குது. இந்த வாட்டி எல்லாருக்கும் ஒரே தூரந்தான்."