மகள் ஊதிய மூச்சு

முப்பது வயது தாண்டியவர்கள் மாதம் பிறந்ததும் வீட்டுச் சுவரிலிருக்கும் புற்றுநோய்ச் சோதனைக் குழாயில் ஊதியாக வேண்டும். முடிவு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். பச்சை என்றால் மில்லில் வேலை உண்டு. சிவப்பு என்றால் வேலையை நிறுத்திவிடுவார்கள், நர்ஸ் வீடு தேடி வருவார்.

முத்துச்செல்வி வீட்டுக்கு நர்ஸ் ஜெபசீலி வந்திருந்தார்.

"பயப்படாதீங்கக்கா. நுரையீரல்ல கடுகளவுதான் இருக்கு. இப்பவே தெரிஞ்சதால சரியாக்கிரலாம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முத்துச்செல்விக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாதமாகிறது. வேலை போய்விடும் என்று அன்றிலிருந்து மகள் யாழினியைத்தான் ஊத வைத்தாள். நோய்நொடி அறியாத பிள்ளை.

"ஊதுனது நான் இல்ல சிஸ்டர். எம் மக. பத்தொம்பது வயசு."

ஜெபசீலி படிவத்திலிருந்த பெயரை அடித்துவிட்டு, மகளின் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினார்.

"அப்ப நீங்க ஒருவாட்டி ஊதிருங்கக்கா."

முத்துச்செல்வி ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"யாழினி, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா."

ஈரக் கையைத் துடைத்தபடி வந்த யாழினி நர்ஸைப் பார்த்ததும் அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"ஏம்மா, நான் சரியாத்தானே ஊதுனேன்?"