நானூறு கிராம் கைப்பிடி

"இந்தக் கைப்பிடியை நேற்றே எடுக்கச் சொன்னேனா, இல்லையா?"

கம்ப்யூட்டர் திரையில் பேட்டரிப் பெட்டியின் படம். அதன் தலையில் ஒரு கைப்பிடி. டிசைன் மேனேஜர் செங்குட்டுவனுக்கு மூக்கு விடைத்தது.

குணசுந்தரி எழுந்து நின்றாள். திருவொற்றியூரில் இந்த மின்சார ஸ்கூட்டர் கம்பெனிக்குப் படம் வரைய வந்து நாலு மாசம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"சார், பேட்டரி இருபது கிலோ கீது. மாடி வூட்டுக்காரங்க சார்ஜ் போட மேல தூக்கிகினு போவணும்..."

"'கீது' எல்லாம் ஆபீசுக்கு வெளியே வைத்துக்கொள். கைப்பிடி நானூறு கிராம். எடை கூடினால் வண்டி ஓடும் தூரம் குறையும். நம் வண்டியை வாங்குகிறவன் வீட்டில் போர்டிகோ இருக்கும், அங்கேயே பிளக் இருக்கும். எங்கள் அண்ணா நகரில் எவனம்மா பேட்டரியைச் சுமக்கிறான்?"

எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் மூணாவது மாடியில் குடியிருக்கும் குணசுந்தரி என்ன சொல்வாள்?

"இன்னொரு தடவை இதைப் பார்த்தேன், உன் சீட்டில் வேறு ஆள் இருக்கும்."

கைப்பிடியை அழித்தாள்.

சனிக்கிழமை சாம்பிள் வண்டி தயார். ஓட்டிப் பார்க்க மேனேஜரே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்புத் தூக்கோடு எம்.கே.பி. நகரில் அக்கா வீட்டுக்குப் போனாள் குணசுந்தரி. இரண்டாவது மாடிப் படியில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு ஆள். லுங்கி, பனியன், மடியில் பேட்டரிப் பெட்டி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அடக் கடவுளே, செங்குட்டுவன்!

"சார்... நீங்க அண்ணா நகரு..."

"இது... தெரிஞ்சவங்க வீடு."

மேலேயிருந்து ஒரு பெண் குரல் இறங்கியது. "யோவ், இன்னும் ஒரு மாடி கீது! அங்கியே குந்திகினா சார்ஜு யாரு போடறது? உன்னைக் கட்டிகினதுலேர்ந்து இதே ரோதனை!"

ரொம்பத் தெரிஞ்சவங்கதான்.

குணசுந்தரி தூக்கைப் படியில் வைத்துவிட்டுப் பெட்டியின் மறுபக்கம் குனிந்தாள். வழவழவென்று தகடு. விரல் மாட்ட இடமில்லை.

"எங்க சார் புடிக்கிறது?"

இரண்டு பேரும் எப்படியோ அடியில் கை கொடுத்து மேலே சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தாள். பேட்டரிப் பெட்டியில் அவள் வரையாத இரண்டு கைப்பிடிகள், பக்கத்துக்கு ஒன்று.

பின்னால் செருமல் சத்தம். இஸ்திரி போட்ட சட்டை, டையோடு செங்குட்டுவன்.

"வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டார்," என்றார்.