மறுபக்க இறக்கை

நவநீதன் எழுந்து பல் துலக்கி, ஒரு டம்ளர் அளவுக்கு டீ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். பட்டாம்பூச்சிக் குழுவிலிருந்து செய்தி வந்திருந்தது. இறந்துபோன மனைவி செண்பகா எடுத்த படத்தை நேற்றுதான் அனுப்பியிருந்தான்: எருக்கம்பூவில், பின்னிறக்கை வெளுத்த வெந்தய வரியன்.

“அபூர்வம் சார்! மறுபக்கமும் வெள்ளைதானா? நேர்ல பாத்தீங்கல்ல?”

“பார்த்தேன், வெள்ளைதான்.”

“அப்ப மேடம் பேர்லயே பதிஞ்சிடறோம்.”

காது மடல் சுட்டது. அனுப்பியதை அழிக்க விரல் எழவில்லை. அவள் அந்தப் படத்தை எடுத்த அன்று காலையும் இதே நாற்காலியில், போனிலிருந்து தலை தூக்காமல், “பாத்தேன், பாத்தேன்” என்றுதான் சொன்னான். வேலியோரம் நின்ற செண்பகா சிரித்தாள். மதியம் விபத்தில் போய்விட்டாள். வேலியோரத்திலிருந்து அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“பொய்யி! எங்க பாத்தீங்க? எந்திரிச்சு வாங்க, பறந்துடப் போகுது.”